குர்துபாவின் தூண்களும் கீழக்கரையின் தூண்களும்

குர்துபாப் பெரிய பள்ளியைக் குறித்துத் தமிழ் முஸ்லிம்கள் எழுதியவற்றுள் பெரும்பகுதி ஒப்பாரியே. அல்லாமா இக்பால் 1933இல் அங்கே சென்று தொழுதார். பின்னர் 1935இல் வெளிவந்த ‘பாலே ஜிப்ரீல்’ தொகுப்பில் அப்பள்ளியை முன்னிறுத்தி ஒரு நெடுங்கவிதையை அமைத்தார். காலம், காதல், கலை ஆகியவற்றைப் பற்றிய ஆழ்ந்த விசாரணை அது. நம்மவர்களோ அதிலிருந்து கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1236இல் நகரம் வீழ்ந்ததும் பள்ளி தேவாலயமாக்கப்பட்டதும் ஆண்டுதோறும் மீலாது மேடைகளில் சொல்லப்படுகின்றன. அப்பள்ளி எப்படிக் கட்டப்பட்டது என்பதை ஒரு மேடையிலும் நாம் கேட்டதில்லை.

காலாப்பட்டில் அமைந்துள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் சமுதாய மாணவர் சிலர், குழுவாக ஸ்பெயின் சென்று குர்துபாவின் கலையையும் கட்டடங்களையும் கண்டுவர விரும்புவதாகக் கூறி, தாம் வகுத்த பயணத் திட்டத்தை நம்மிடம் காட்டினர். காலையில் பெரிய பள்ளி, அடுத்து யூதர் தெரு, ரோமானியர் பாலம், பிற்பகலில் மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ராவின் சிதைவுகள். பெரிய பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் பெருமூச்சு விடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். கட்டடத்தை வாசிக்க இயலாது. இத்தகைய சுற்றுலாக்களின் மீது நமக்குள்ள முதல் குறை இதுவே. அங்குள்ள மறைமாவட்டத்தின் பிரசுரங்கள் அதைப் பேராலயம் என்றே அறிமுகப்படுத்துகின்றன. நம் மாணவர் அதைப் பறிபோன பள்ளி என்ற ஒரே நினைவோடு நுழைகின்றனர். இரு சாராரும் கல்லைப் பார்ப்பதில்லை.

கல்லைப் பார்த்தால் என்ன தெரியும்? டமாஸ்கஸில் தம் குலம் அழிக்கப்பட்டபின் தப்பி வந்து, 756இல் அந்தலுஸில் ஆட்சி அமைத்தவர் முதலாம் அப்துர் ரஹ்மான். 786ஐ ஒட்டி அவர் இப்பள்ளியைத் தொடங்கியபோது, புதிதாகத் தூண் செதுக்கிக்கொண்டிருக்க அவருக்கு அவகாசமில்லை. ரோமானியரும் விசிகோத்தியரும் விட்டுச்சென்ற கட்டடங்களின் தூண்களே எடுத்து நிறுத்தப்பட்டன. அவை உயரத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை, பெரும்பாலும் குட்டையானவை. அவற்றின் மேல் நேரே கூரை வைத்தால் பெருங்கூட்டம் தொழும் மண்டபம் தாழ்ந்து இருண்டுபோகும். ஆகவே கீழே குதிரை லாட வடிவில் ஒரு வளைவு, அதற்கு மேல் அரைவட்டமாக இன்னொரு வளைவு என இரண்டடுக்காக எழுப்பினார்கள். செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்ட அவ்வளைவுகளைத்தான் உலகம் இன்று வியக்கிறது. குட்டைத் தூண் என்ற இடர்ப்பாட்டுக்குக் கொத்தர் கண்ட தீர்வே அந்த அழகு. லாட வளைவும் அரபியர் கொண்டுவந்ததன்று. முஸ்லிம்கள் வருமுன்பே அந்நாட்டு விசிகோத்தியத் தேவாலயங்களில் அது இருந்தது. இன்று எஞ்சியுள்ள தூண்கள் 856. இவை பிறர் நாகரிகத்தை அழித்த சான்றுகள் என்பார் ஒரு சாரார். இஸ்லாம் தனியே படைத்த அற்புதம் என்பார் மறு சாரார். மண்ணில் கிடைத்ததை எடுத்துத் தன் வணக்கத்துக்கு ஏற்ப அடுக்கிக்கொண்ட ஒரு சமுதாயத்தின் கைவேலை என்பதே அத்தூண்களைக் கண்டவர் சொல்லக்கூடியது.

பள்ளி மூன்று முறை விரிவாக்கப்பட்டது. இதை மாணவர் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் அவா. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் கிப்லாச் சுவரைத் திறந்து ஆற்றை நோக்கி நீட்டினார். 960களில் இரண்டாம் ஹகம் மீண்டும் அதே திசையில் நீட்டி, பைஸாந்தியப் பேரரசர் அனுப்பிய கண்ணாடிச் சில்லுகளால் ஒளிரும் மிஹ்ராபை அமைத்தார். கைவினைஞரும் அங்கிருந்தே வந்ததை வரலாற்றாசிரியர் இப்னு இதாரீ குறிப்பிடுகிறார். ஆனால் அம்மிஹ்ராபின் வாயிலைத் தாங்கும் நான்கு சிறு தூண்கள் புதியவை அல்ல. அவை முந்தைய மிஹ்ராபில், இரண்டாம் அப்துர் ரஹ்மானின் காலத்தில் நின்றவை. பொன்னும் கண்ணாடியும் பேரரசரிடமிருந்தே வருமளவுக்கு வசதி படைத்த ஒரு கலீஃபா, முன்னோர் நின்று தொழுத இடத்தின் தூண்களைக் கழற்றிவந்து தம் மிஹ்ராபில் வைத்திருக்கிறார்! 987இல் அல்மன்ஸூர் கிழக்கே விரித்த பகுதியில் வேறொரு செய்தி இருக்கிறது. அங்கே வளைவுகளில் செங்கல் இல்லை. கல்லின் மேல் சிவப்பு வண்ணம் பூசிச் செங்கல் போலக் காட்டியிருக்கிறார்கள். அவசரமும் சிக்கனமும் அங்கே தெரிகின்றன. மிஹ்ராபும் நடுவிலிருந்து விலகிப்போயிற்று. கிப்லாவைப் பற்றியும் ஒரு சொல்: அப்பள்ளி மக்காவை நேரே நோக்கவில்லை, தெற்கே மிகவும் சாய்ந்திருக்கிறது. டமாஸ்கஸின் நினைவு என்போரும், பழைய ரோமானியத் தெருவின் போக்கு என்போரும் உளர். கிப்லாவின் திசை போதுமா, நேர்க்கோடு வேண்டுமா என்று ஃபிக்ஹு வகுப்பில் நாம் நடத்தும் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

இனி, கண்ணீருக்குக் காரணமான 1523. பள்ளியின் நடுவே தூண்களை அகற்றிப் பெரிய ஆலய மண்டபம் எழுப்ப ஆயர் முனைந்தபோது, எதிர்த்தவர் யார்? குர்துபாவின் நகர மன்றத்தினர். அவர்கள் கிறிஸ்தவர்கள். இடிக்கும் வேலையில் கைவைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்றே அவர்கள் அறிவித்தனர். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் திருச்சபையின் பக்கம் தீர்ப்பளித்ததால்தான் வேலை நடந்தது. பின்னர் நேரில் கண்ட அவரே, எங்கும் இல்லாத ஒன்றை அழித்து எங்கும் உள்ள ஒன்றைக் கட்டிவிட்டீர்கள் என்ற பொருளில் வருந்தியதாக ஒரு செய்தி வழங்குகிறது. பேரரசரின் வருத்தத்தை நம் பேச்சாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். நகர மன்றத்தின் எதிர்ப்பைச் சொல்வதில்லை. தம் மதத்தின் ஆலயம் பெருக்கப்படுவதைத் தம் ஊரின் பழங்கட்டடத்துக்காகத் தடுக்க முன்வந்தவர்களின் செயல், பேரரசரின் பிந்திய வருத்தத்தைவிட நமக்குப் பாடமாகக்கூடியது.

2010 மார்ச் இறுதியில் ஆஸ்திரியாவிலிருந்து சென்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அடங்கிய சுற்றுலாக் குழுவில் சிலர் உள்ளே தொழ முற்பட, காவலருடன் கைகலப்பு ஏற்பட்டு இருவர் கைது செய்யப்பட்டனர். மறைமாவட்டம் அங்கே முஸ்லிம்கள் தொழுவதை அனுமதிப்பதில்லை. அத்தடை நியாயமா என்பது வேறு விவாதம். அந்த இளைஞர்களின் உணர்ச்சியை நாம் குறைகூறவும் இல்லை. ஆனால் அந்தக் குழு அன்று அத்தூண்களைப் பற்றி எதையும் அறிந்துகொண்டு திரும்பியிருக்க முடியாது. செய்தியாக எஞ்சியதும் கைகலப்பு ஒன்றுதான்.

மாணவரிடம் நாம் கேட்டது இதுதான்: காலாப்பட்டின் வாசலில் ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கே போகிறது? (காலாப்பட்டே ஒரு விந்தையான ஊர், புதுவையைச் சேர்ந்தது, ஆனால் தமிழகம் சூழ்ந்து நிற்க, புதுவை நகரோடு நிலத்தொடர்பின்றிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லைக்கோடு.) தெற்கே திரும்பினால் கோட்டக்குப்பம், அதைத் தாண்டினால் புதுவையின் முல்லா வீதி, காஜியார் வீதி. மேலும் போனால் அச்சாலையும் அதன் கிளைகளும் பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் எனப் பழைய மரைக்காயர் துறைமுகங்களை ஒரு நூலில் கோத்தாற்போல் செல்கின்றன. இந்த மாணவருள் நாகூரை அறிந்தவர் பலர். அங்குள்ள 131 அடி உயர மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் என்பதை அறிந்தவர் இருவர். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் உள்ளே நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அப்பள்ளி பதினேழாம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதியின் காலத்தில் எழுந்ததாகக் கருதப்படுகிறது. அங்கே குவிமாடம் தலைமை வகிக்கவில்லை. கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூணின் தலையில் போதிகை, அதன்மேல் உத்திரம், அதன்மேல் கற்பலகை. பாண்டிய, நாயக்கர் காலக் கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே கைகளின் மரபு. கோயில் தூணில் தெய்வ உருவம் வரும் இடத்தில் இங்கே பூவும் கொடியும் கோலமும் வருகின்றன. உருவம் கூடாது என்ற ஒரு விதியை ஏற்றுக்கொண்டு, மற்றவை அனைத்தையும் தம் மண்ணிலிருந்து அந்தச் சிற்பியும் அந்த ஜமாஅத்தும் எடுத்துக்கொண்டனர். சமணரும் பவுத்தரும் தம் தலங்களுக்கு வழங்கிய ‘பள்ளி’ என்னும் சொல்லையும் அவ்வாறே எடுத்துக்கொண்டோம். குர்துபாவில் ரோமானியத் தூண். இங்கே தமிழ்ச் சொல்லும் தமிழ்த் தூணும். மெஹர்தாத் ஷுக்கூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலில் காயல்பட்டினம், கீழக்கரைப் பள்ளிகளின் வரைபடங்கள் இருக்கின்றன. நம் அறிஞர் ஜெ. ராஜா முகம்மது இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். இவற்றைப் படிக்காமல் குர்துபா நூல்களைக் கேட்பது, அலிஃப் பே ஓதாமல் தப்ஸீர் கேட்பதற்கு ஒப்பாகும்.

இவ்வகைக் கல்மண்டபங்கள் பல ஊர்களில் நம் கையாலேயே இடிபட்டிருக்கின்றன என்பதுதான் வேதனை. ஊர்ப்பெயர் சொல்லிப் புண்படுத்த விரும்பவில்லை. தூண்கள் கல் வியாபாரியிடம் போகின்றன; அவ்விடத்தில் நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்த பச்சைக் குவிமாடமும் நான்கு கான்கிரீட் மினாராக்களும் எழுகின்றன. தொழுகையாளர் பெருகிவிட்டனர், இடம் போதவில்லை என்பார் முத்தவல்லி. அது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் குர்துபாவிலும் இடம் போதவில்லை. மூன்று முறை போதவில்லை. அவர்கள் பழைய தூண்களை நிற்கவிட்டுப் பக்கத்தில் நீட்டினார்கள். கோயில் மண்டபம் போலிருக்கிறது, ஆகவே மாற்ற வேண்டும் என்ற இன்னொரு வாதமும் உண்டு. சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) போன்ற மேதைகள் வாழ்ந்து கற்பித்த ஊரில் எழுந்த கட்டடத்தின் மார்க்கத் தகுதியை நாட்காட்டிப் படத்தை வைத்து அளப்பது கல்வியுமன்று, பேணுதலுமன்று. 2025 ஆகஸ்டில் குர்துபாப் பள்ளியின் ஒரு பகுதியில் தீப்பிடித்தபோது நம் கைபேசிகளில் பறந்த துயரச் செய்திகளைக் கண்டோம். அத்துயரில் நாமும் பங்குகொண்டோம். அவற்றை அனுப்பிய அன்பர்களுள் சிலர் தம் ஊர்ப் பள்ளியின் கல்தூண்களை விற்கத் தீர்மானித்த கூட்டத்தில் கையொப்பமிட்டவர்கள்.

மாணவர் ஸ்பெயினுக்குப் போகட்டும். அதற்கு முன் மூன்று நாள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தங்குமாறு கூறியிருக்கிறோம். ஜமாஅத்தின் அனுமதியை முன்கூட்டியே எழுதிப் பெற வேண்டும். தொழுகை நேரங்களில் வேலையை நிறுத்த வேண்டும். அளவு நாடா, வரைதாள், கல்வெட்டைத் துடைக்க மெல்லிய தூரிகை ஆகியவை போதும். நம் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் நால்வரும் உடன் வருவர்; மையவாடிக் கற்களிலுள்ள அரபு எழுத்தை அவர்கள் வாசிப்பர், தமிழ்க் கல்வெட்டைக் காலாப்பட்டு வரலாற்று மாணவர் வாசிப்பர். ஒவ்வொரு தூணுக்கும் எண்ணிட்டு, போதிகையின் வடிவத்தையும் பூவேலையையும் தனித்தனித் தாளில் வரைந்து, ஒரு படியை அந்தந்த ஜமாஅத்திடமே ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறோம்.