நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு

கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. அவற்றின் அடித்தளத்து யாளி வரியை விரற்கடை விரற்கடையாகப் பார்த்துவிட்டுக் குளக்கரைக்குப் போனால், அந்தக் கண்ணுக்கு இன்னொரு நுண்வேலை அகப்படும். சிலப்பதிகாரமே இவ்வூரை நெடுங்குளத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறது.

கரையோரம், பாசிக்கு மேலே, கடுகளவு வெள்ளிப் புள்ளிகள் நகர்கின்றன. மீன் தெரிவதில்லை, அதன் முதுகு நீரின் நிறம். உச்சந்தலைப் பொட்டு மட்டும் தெரிகிறது. அது தானாக ஒளிர்வதில்லை. வெயிலை வாங்கித் திருப்பித் தருகிறது. அதனால்தான் மீன் சற்றே திரும்பினாலும் மங்கி, மறுகணம் தெறிக்கிறது.

உள்ளங்கையில் நீரோடு அள்ளினால் மற்ற அழகும் புலப்படும். இரண்டு அங்குலம்கூட இராது. விலாவில் பொன்னும் பச்சையுமாகப் பொடிப்புள்ளிகள் வரிசை கட்டுகின்றன. கண்ணைச் சுற்றி நீல மினுக்கம். பெண் மீனுக்கு முதுகுத் துடுப்பின் அடியில் கண்மை தீற்றியது போல ஒரு கறை. தட்டையான முதுகு, அண்ணாந்த வாய், வாலருகே ஒதுங்கிய துடுப்பு எல்லாம் நீர்மட்டத்தை ஒட்டியே வாழ்வதற்கான அமைப்பு.

மீன் வளர்ப்போர் இதைக் குட்டை பாஞ்சாக்ஸ் என்பார்கள். சென்னை நன்னீர் மீன்களை ஆராய்ந்த பி. சுந்தரராஜ் 1916இல் இதை விவரித்து, 'பர்வஸ்' என்று பெயரிட்டார். லத்தீனில் 'சிறியது' என்று பொருள்.

வளர்ப்பது எளிது. காற்று மோட்டார் வேண்டாம். குளோரின் போக ஓரிரு நாள் வைத்திருந்த நீர், மிதக்கும் ஆகாயத்தாமரை, தீனிக்குக் கொசுப்புழு போதும். துள்ளி வெளியே விழும். மேலே வலை கட்டாயம். செடி வேரில் நாளுக்குச் சில முட்டைகளாக ஒட்டிவைக்கும். அவற்றைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். தாயோடு விட்டால் பிழைக்காது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். இதைக் கண்ணாடித் தொட்டியில் அடைக்காதீர்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பொட்டு பாதி மறைந்துபோகும். வாயகன்ற மண்தொட்டியில் விட்டு, காலை வெயில் விழும் முற்றத்தில் வையுங்கள். குனிந்து பார்ப்பவருக்கென்றே வைத்த பொட்டு அது.