முதுகில் தெரியும் பெருமை

சில்காட் போர்வையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் விரித்து வைப்பது அதற்குச் செய்கிற அநியாயம். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் டிலிங்கிட் பழங்குடியின் குலப் பெரியவர்கள் தோளில் போட்டு ஆடியது அது. ஆடுகிறவர் முதுகைக் காட்டித் திரும்பினால்தான் சித்திரம் முழுசாகத் தெரியும். விளிம்பில் தொங்கும் நீளக் குஞ்சம் அப்போது சுழன்று விரியும்.

நெய்தவர்கள் பெண்கள். மலையாட்டு ரோமம்தான் நூல். பாவில் மட்டும் மஞ்சள் சீடர் மரத்தின் உட்பட்டையைச் சேர்த்து முறுக்குவார்கள். தறி என்று பெரிதாக ஒன்றுமில்லை. குறுக்குக்கட்டையிலிருந்து பாவு தொங்கும், ஊடையை விரல்களே பின்னிக்கொண்டு போகும். பக்கத்தில் ஆண்கள் வரைந்து கொடுத்த பலகை. அதில் பாதிக்குச் சற்று மேல்தான் படம் இருக்கும். மறுபாதியை நெய்பவள் மனசுக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். நெசவுக்குக் கட்டம் எளிது, வட்டம் பெரும்பாடு. இவர்களோ சித்திரத்தில் வரும் விலங்கின் கண்களை அப்பழுக்கில்லாத வளைவாக நெய்தார்கள். கருப்பு, வெள்ளை, மரப்பாசி மஞ்சள், செம்பிலிருந்து எடுத்த நீலப்பச்சை. ஒரு போர்வைக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். குளுக்வான் கிராமத்து நெசவாளர் ஜென்னி த்லுனாட், 1986ல் காலமாவதற்கு முந்தைய ஆண்டுகூட இளையவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்.

உருவம் கரடியா, திமிங்கிலமா? இந்தப் போர்வைகளைப் பற்றி எமன்ஸ் என்ற ஆய்வாளர் எழுதிய 1907ஆம் ஆண்டு நூலில் ஒரே போர்வைக்கு அவர் ஒரு விளக்கம் தருகிறார், இன்னொரு ஆய்வாளரான ஸ்வான்டன் வேறொன்று. எனக்கு இதில் ஒரு குறும்பான சந்தோஷம். குலச்சின்னத்தைச் சொல்லும் உரிமை குலத்துக்குத்தானே!

அந்தக் குலம் தாய்வழி; பதவி தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு. ஆனால் பிறப்பு மட்டும் போதாது. சமூகம் காகம், கழுகு என இரு பாதி; எதிர்ப்பாதியாரை விருந்துக்கு அழைத்து, வாரிக் கொடுத்து, அவர்களைச் சாட்சியாக்கினால்தான் பட்டம் நிற்கும். சில விருந்துகளில் போர்வையையே துண்டுபோட்டுப் பங்கிட்டார்கள். துண்டுகள் சட்டையாகவும் கால் உறையாகவும் தைக்கப்பட்டன. முழுப் போர்வையைவிட எனக்கு இவற்றின்மேல்தான் மோகம். சித்திரத்தின் ஒழுங்கு குலைந்து, பாதிக் கண் ஒன்று முழங்காலுக்குக் கீழே விழிக்கும். ஒரு வருட உழைப்பை வெட்டிக் கொடுக்கத் துணிந்த கையின் வீச்சு, முழுப் போர்வையில் எங்கே தெரியப்போகிறது?