முரணும் அதன் இடமும்

முரண் என்றவுடன் எதிர்ச்சொற் பட்டியலையே நினைவுகூர நம் வகுப்பறைகள் பழகிவிட்டன. 'மேடு' என்றால் 'பள்ளம்', 'வரவு' என்றால் 'செலவு' என மாணவர் ஒப்புவிப்பர், மதிப்பெண்ணும் பெறுவர். ஆயின், இவ்வணுகுமுறை முரணின் இன்றியமையாக் கூறொன்றை விட்டுவிடுகிறது. அஃது இடம்.

யாப்பிலக்கணத்தார் இதனை நன்குணர்ந்திருந்தனர். சொல்லாலோ பொருளாலோ மாறுபடத் தொடுப்பது முரண்தொடை என வரையறுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அளவடியின் முதலிரு சீர்களில் வருவது இணைமுரண்; முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் வருவது பொழிப்புமுரண்; முதற்சீரிலும் நான்காம் சீரிலும் வருவது ஒரூஉமுரண் என்றனர். இப்பகுப்புக்கு அடிப்படை சொற்களின் தன்மையன்று. அவற்றின் இடையேயுள்ள தொலைவே.

அன்றாட வழக்கிலும் இதனைக் காணலாம். போக்கும் வரத்தும் எதிரெதிர்த் திசையின. அவை ஒரு சொல்லாய் இணைந்து 'போக்குவரத்து' ஆகும்போது எதிர்மை அடங்கிப் புதுப்பொருள் முன்னிற்கிறது. 'நேற்று வந்தவன் இன்று போய்விட்டான்' என்னும் தொடரிலோ, அதே வினைகள் விலகி நின்று எதிர்மையைக் கூர்மையாக்குகின்றன.

காட்சி வடிவமைப்பும் இதற்கு விலக்கன்று. பாரிசின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் வலுவற்றிருப்பதாக முறையீடு வந்தது. குறை சாயத்தில் இல்லை. அருகிலிருந்த நிறங்களே கறுப்பை அவ்வாறு தோன்றச் செய்தன. நிற முரண் குறித்த அவருடைய நூல் 1839இல் வெளிவந்தது. இரு நிற நுண்ணிழைகளை நெருக்கமாக நெய்தால், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அவை ஒரே நிறமாய்க் கலந்து தோன்றும். அகன்ற பரப்புகளாக அடுத்தடுத்து வைத்தால் ஒன்று மற்றொன்றை எடுத்துக்காட்டும்.

இவ்வொப்புமையை மிகைப்படுத்துதலும் ஆகாது. 'மேடுபள்ளம்' என்னும் தொகையில் இரு பொருளும் மங்காமல் நிற்கின்றன. எனவே நெருக்கம் மட்டுமே எதிர்மையை அடக்கிவிடுவதில்லை, வழக்கின் பயிற்சியும் அதிற் பங்குபெறுகிறது. எனினும், அடுத்து வைத்தல் என்பது ஒரு செயல். முரண் அச்செயலால் புலப்படும் உறவு என்னும் வேறுபாடு இருதுறைக்கும் பொதுவே.

ஆகவே, எதிர்ச்சொல் எழுதுக என்னும் வினாவோடு ஆசிரியர் அமையாமல், அவ்விணையைத் தொகையாகவும் தொடராகவும் அமைத்துக்காட்டுமாறு மாணவரைப் பணிக்கலாம். சொல்லறிவைச் சோதிக்கும் பயிற்சி அப்போதுதான் நடையறிவை வளர்ப்பதாகவும் அமையும்.