பொக்காளி நாற்றின் சாமர்த்தியம்

முளைவிடும்போது நெல் ஓரளவு உப்பைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுப் பருவத்தில்தான் அதற்குக் கண்டம். மண்ணில் உப்பு ஏறினால் இலை நுனி வெளுத்துச் சுருளும், பிறகு பயிரே கருகும்.

கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் காயலோர வயல்களில் விளையும் பொக்காளி நெல் இந்தக் கண்டத்தைத் தாண்டும் விதமே தனி.

பாதி வேலை விவசாயியுடையது. கோடையில் வயல்நீரை வடித்து, சேற்றை அள்ளிச் சிறு மேடுகளாகக் குவித்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மேட்டிலுள்ள உப்பு கரைந்து கீழே இறங்கிவிடும். அதன்பிறகே முளைகட்டிய விதையை மேட்டின் உச்சியில் விதைப்பார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மேட்டை மண்வெட்டியால் பிளந்து, மண் ஒட்டிய நாற்றுக் கொத்துகளை வயலெங்கும் பரப்புவார்கள்.

மீதி வேலை நாற்றுடையது. வேர் வழியே நுழையும் சோடியம் மேலே போகாதபடி, நீர் ஏறும் குழாய்களை ஒட்டிய செல்கள் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். தப்பி ஏறியதைப் பழைய இலைகளில் ஒதுக்கிவிடும். அடியிலை காய்ந்தாலும் நடுக்குருத்து பச்சையாக நிற்கும்.

இந்தக் குணத்தோடு தொடர்புடைய ‘சால்டால்’ என்ற மரபணுப் பகுதி, நெல்லின் முதல் குரோமோசோமில் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைப் பொக்காளியிலிருந்து எடுத்து, உப்புத் தாங்காத உயர் விளைச்சல் ரகங்களில் கலப்பினம் மூலம் சேர்த்துவருகிறார்கள்.

அறுவடையில் கதிரை மட்டும் கொய்வார்கள். நீரில் விட்ட தாள் மக்கி, அடுத்து அதே வயலில் வளரும் இறாலுக்குத் தீனியாகும்.