புதிய சாரீரமும் பழைய பெயரும்

பிரதான பாடகர் போன பின்னும் ஒரு ராக் குழு அதே பெயரைத் தாங்கி இசைத்தட்டு வெளியிடுவது வியாபார ரீதியில் விவேகமான காரியமாக இருக்கலாம்; கலை ரீதியில் அது நியாயந்தானா என்ற வினாவுக்கு, பிளாக் ஸப்பத் குழுவின் 'ஹெவன் அண்ட் ஹெல்' அளவுக்குச் சங்கடமான விடையைத் தரும் இசைத்தட்டு வேறொன்றை நான் அறியேன். பர்மிங்ஹாம் நகரத்து உழைப்பாளிக் குடும்பங்களிலிருந்து வந்த அக்குழுவின் நால்வரில் ஒருவரான பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1979இல் நீக்கப்பட்டார். ரெயின்போ குழுவை விட்டு வந்திருந்த அமெரிக்கரான ரானி ஜேம்ஸ் டியோ அவருடைய ஸ்தானத்தை ஏற்றார். 1980 ஏப்ரலில், மார்ட்டின் பர்ச்சின் மேற்பார்வையில், எட்டுப் பாடல்களுடன் இசைத்தட்டு வெளிவந்தது.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறதென்று பார்க்க, பழைய முறையைச் சற்று நினைவுகூர வேண்டும். இளமையில் தொழிற்சாலை விபத்தொன்றில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்த கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, இடக்கையால் மீட்டுபவராதலால் தந்திகளை அழுத்த அந்த ஊனமுற்ற விரல்களையே நம்ப வேண்டியிருந்தது. நாளடைவில் தந்திகளைத் தளர்த்தி ஸ்ருதியையும் இறக்கியதால், ரிஃப் எனப்படும் அவருடைய மெட்டுத் துணுக்குகளுக்கு அசாதாரணமான கனம் ஏற்பட்டது. நம் கச்சேரிகளில் பக்கவாத்தியம் பாடகரைத் தொடர்வதற்கு நேர்மாறாக, ஆஸி பல இடங்களில் கிட்டாரையே பின்தொடர்ந்து பாடினார். 'அயர்ன் மேன்' இதற்குப் பிரசித்தமான உதாரணம். குரலும் வாத்தியமும் ஒரே தடத்தில் செல்லும் அந்த முறை பயங்கரத்தை எழுப்ப வல்லது என்றாலும், பாட்டுக்கு விஸ்தாரம் கொடுக்க வல்லதன்று. டியோவோ கிட்டாரின் தடத்தை விட்டு விலகி, அதற்கு மேலே தமக்கென ஒரு மெட்டை அமைத்துக்கொண்டார். தலைப்புப் பாடலின் சரணங்களில் கிட்டார் பெரும்பாலும் ஒதுங்கி நிற்க, கீஸர் பட்லரின் பேஸ் மாத்திரம் தாளத்தோடு நடந்து செல்ல, அந்த வெற்றிடத்தில் சாரீரம் நிமிர்ந்து எழும்பும் அழகை, குழுவின் ஆதி இசைத்தட்டுகளில் தேடினால் கிடைப்பது அரிது. இந்த விடுதலை ஐயோமிக்கும் வாய்த்தது; 'லோன்லி இஸ் த வேர்ட்' பாடலின் பிற்பாதியில் அவர் அவசரமில்லாமல் வாசித்துக்கொண்டே போவதைக் கேட்பவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் இந்த லாபத்துக்குக் கொடுத்த விலை சிறிதன்று. முன்பு பெரும்பாலான ஸாஹித்யத்தை எழுதியவர் பட்லர். ஏழைகளை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக இருக்கும் அதிகாரிகளை 'வார் பிக்ஸ்' பாடலில் அவர் சாடியபோது, அந்தக் கோபம் உலகத்தில் உள்ள மனிதர்களைப் பற்றியதாக இருந்தது. டியோ அதன் இடத்தில் மந்திரக்காரிகளையும் மாயக் கனவுகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பீரமான சொற்கள்தாம், ஆனால் அவற்றுள் பல எவரையும் எதற்காகவும் பயமுறுத்துவதில்லை. 'லேடி ஈவில்' வெறும் ஆர்ப்பாட்டம். 'வாக் அவே' இடத்தை நிரப்ப வந்தது. டிரம்ஸ் வாசித்த பில் வார்டின் நடையிலும் பழைய ஜாஸ் நெளிவு குறைந்து, நேர்கோட்டு வேகம் மிகுந்துவிட்டது. மதுவின் பிடியில் இருந்த அவர், இந்த ஒலிப்பதிவே தமக்கு ஞாபகமில்லை என்று பின்னாளில் கூறியதும், அந்த ஆண்டே சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகிப்போனதும் பரிதாபத்துக்குரியவை.

ஆகவே, செத்துக்கொண்டிருந்த குழுவை டியோ பிழைக்க வைத்தார் என்று கொண்டாடுவோரும், ஆஸி இல்லாத ஸப்பத் ஸப்பத் அன்று என்று சாதிப்போரும் பாதி உண்மையையே பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பழைய பெயரைச் சூட்டிக்கொண்டு வெளிவந்த, வேறொரு சிறந்த குழுவின் முதல் இசைத்தட்டு இது. 2006இல் ஐயோமி, பட்லர், டியோ ஆகியோர் டிரம்ஸ் கலைஞர் வின்னி அப்பிஸியோடு மீண்டும் சேர்ந்தபோது, பிளாக் ஸப்பத் என்ற பெயரை விடுத்து, 'ஹெவன் அண்ட் ஹெல்' என்றே தங்கள் குழுவுக்குப் பெயரிட்டார்கள்.