ஜெர்மனியில் எம்.எஸ்.: எது இலவசம், எது இலாபம்

சென்னையிலும் கோவையிலும் கன்சல்டன்சிக்காரர்கள் மாட்டியிருக்கும் பலகைகளில் இப்போதெல்லாம் அமெரிக்கா கொஞ்சம் சிறுத்து ஜெர்மனி பெருத்திருக்கிறது. அதிலும் பெரிய எழுத்தில் இருப்பது "டியூஷன் ஃபீஸ் கிடையாது" என்ற வரிதான். பொய்யில்லை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடம்கூடக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு 150 முதல் 400 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் சரி. பல ஊர்களில் பஸ், டிராம் பாஸும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனாலும், அந்த நாட்டில் போய்ப் படிப்பதன் நன்மைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இந்த இலவசத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில் வைக்க வேண்டியவற்றை எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை.

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் வீட்டில் பேச்சு தொடங்குவதே அங்கிருந்துதான். படிப்புக்குக் காசில்லை, இருப்பதற்குக் காசுண்டு. விசாவுக்கு முன்பே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் ஓர் ஆண்டுச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது கட்டணமில்லை, உங்கள் பணமேதான். மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்பது வேறு விஷயம். மியூனிக்கில் நாலு பேர் பகிரும் வீட்டில் ஓர் அறைக்கே வாடகை 800 யூரோவை நெருங்குகிறது. மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோ அளவில். இரண்டு ஆண்டுப் படிப்பு என்று போட்டிருந்தாலும் ஐந்து, ஆறு செமஸ்டர் எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஆக 30, 35 லட்சம் என்று கணக்கு வைப்பதே நியாயம். அமெரிக்காவில் அரைக் கோடி சர்வசாதாரணம் என்பதால் இது மலிவுதான். மலிவு என்று சொல்லி விற்றால் எனக்கு மறுப்பில்லை.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் கன்சல்டன்சிக்குக் கமிஷன் கொடுக்காது. தனியார் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும். அதனால் 'இலவச ஜெர்மனி' என்று கேட்டு உள்ளே போன பிள்ளை, ஆண்டுக்கு 10,000 யூரோவும் அதற்கு மேலும் வாங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் அட்மிஷன் கடிதத்தோடு வெளியே வருவது நடக்கிறது. "சீட் நிச்சயம், ஏபிஎஸ் மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். ஏபிஎஸ் என்பது இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஜெர்மன் தூதரகப் பிரிவின் சான்று. 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்.

அந்த இலவசமும் கல்வெட்டில் பொறித்ததில்லை. கட்டணம் வாங்கக் கூடாது என்ற தடையை 2005-ல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியதும் பல மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின. மாணவர் எதிர்ப்பும் தேர்தல் தோல்விகளும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்க வைத்தன; கடைசி மாநிலமான லோயர் சாக்ஸனி 2014-ல் கைவிட்டது. மூன்றே ஆண்டில் காற்று திரும்பிவிட்டது. 2017 முதல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் அத்தகைய மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை விதித்துவிட்டது. மற்ற இடங்களில் இன்னும் வாங்காமல் இருப்பதற்குக் காரணம் தருமசிந்தனை இல்லை. அந்த நாடு மூப்படைந்துகொண்டிருக்கிறது, ஆள் வேண்டும். 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது அதே நாடுதான். தன் வரிப்பணத்தில் படிக்க வைத்துத் தன் வேலைச் சந்தையிலேயே நிறுத்திக்கொள்ளும் கணக்கு அது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றிக்கடனில் நெகிழவும் ஒன்றுமில்லை.

இனி உண்மையான இலாபத்துக்கு வருவோம். ஜெர்மன் பல்கலைக்கழகம் மாணவரை வளர்ந்த ஆளாக நடத்துகிறது. கேட்க எளிதாக இருக்கும். நம் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் இருந்துவிட்டுப் போனவருக்கு இது முகத்தில் அறையும். வருகைப்பதிவு பொதுவாகக் கிடையாது. ஐடி கார்டு கழுத்தில் தொங்க வேண்டியதில்லை. இன்டர்னல் மார்க் இல்லாததால் யாரையும் கும்பிட வேண்டியதுமில்லை. பத்து மணி வகுப்பு பெரும்பாலும் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அது தாமதமில்லை, அங்கே மரபு. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். எழுந்து நின்று "தேங்க் யூ சார்" சொல்லிப் பழகியவர்களுக்கு முதல் நாள் திகைப்பாக இருக்கும். பேராசிரியர் தன் கரும்பலகையைத் தானே துடைத்துவிட்டுக் கிளம்புவார்.

தேர்வுக்குப் பிறகு நடப்பதை ஒவ்வொரு தமிழ்நாட்டு மாணவரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மதிப்பெண் வெளியானபின் விடைத்தாள் பார்வைக்கு ஒரு நாள் அறிவிப்பார்கள். போனால் உங்கள் தாளை உங்கள் கையிலேயே கொடுப்பார்கள். திருத்திய உதவியாளர் எதிரிலேயே இருப்பார். "இந்தப் படி சரியாகத்தானே இருக்கிறது, கடைசி எண் மட்டும்தானே தப்பு" என்று கேட்கலாம். அவர் பார்ப்பார், நியாயமென்றால் அங்கேயே மதிப்பெண் ஏறும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று விளக்குவார். யாருக்கும் கோபம் வராது. நம்மூரில் இதே காரியத்துக்கு நகல் வாங்க ஒரு பணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு பணம், முடிவுக்குக் காத்திருப்பு. எங்கே தவறினோம் என்பது கடைசிவரை தெரியாமலே அரியர் எழுதப் போகிறவர்கள் உண்டு. தன் தவறைத் தானே பார்ப்பதும், திருத்தியவரிடம் பயமில்லாமல் வாதாடுவதும் ஒரு படிப்புதான். அதைச் சொல்லித்தரும் பாடத்திட்டம் இங்கே இல்லை.

முதுகலை ஆய்வேடும் அப்படியே. ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு கம்பெனியிலோ ஆய்வுக்கூடத்திலோ, உண்மையான ஒரு சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டும். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி பைண்டிங் போடும் வழக்கத்திலிருந்து வருபவருக்கு இந்த ஆறு மாதம் ஒன்றே விமானக் கட்டணத்துக்குப் பெறும்.

ஆனால் வளர்ந்த ஆளாக நடத்துவதற்கு இன்னொரு பக்கம் உண்டு: விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. தேர்வுக்குக் கணினியில் நீங்களேதான் பதிந்துகொள்ள வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்த செமஸ்டர் போயிற்று. யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு தாளை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயத் தாளில் மூன்றாம் முறையும் தோற்றால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர்வதும் முடியாமல் போகும். பத்து அரியர் வைத்தும் கடைசியில் 'ஆல் கிளியர்' செய்துவிட்ட அண்ணன்களின் கதைகளோடு விமானம் ஏறுபவருக்கு இந்த விதியின் எடை இரண்டாவது செமஸ்டரில்தான் உறைக்கிறது. சேருவதற்கான வடிகட்டலும் எண்களால்தான். அங்கே 1 மிகச் சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி. பத்துக்கு 8 சிஜிபிஏ வாங்கியவரின் மதிப்பெண், ஐந்து தேர்ச்சி எல்லை என்ற கணக்கில், அங்கே 2.2 ஆகிறது. பல துறைகள் 2.5-க்குக் கீழ் இருப்பவரைத்தான் உள்ளே விடுகின்றன. மதிப்பெண் வாங்கத் தெரிந்தவர் அதனால் நுழைந்துவிடுகிறார். பாடம் தெரியுமா என்பது நுழைந்த பிறகுதான் வெளிச்சமாகிறது.

இதற்கு நடுவில் வேலை. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கலாம். 2025-ன் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. வாரம் 20 மணி நேரம் உழைத்தால் மாதச் செலவு ஈடுகட்டிவிடும் என்று தாளில் கணக்கு வருகிறது. ஆனால் கிடங்கில் இரவுப் பணி முடித்துவிட்டுக் காலையில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் உட்கார்ந்தால் மண்டையில் என்ன ஏறும்? கடன் தவணைக்கு பயந்து வேலையைப் பிடித்துக்கொண்டு தேர்வை விட்டவர்கள்தான் மூன்றாம் முயற்சிப் பட்டியலில் அதிகம் என்பது என் அனுமானம். அதே சமயம், வீட்டில் தம்ளரைக்கூடக் கழுவியிராத பையன் உணவகத்தில் தட்டு கழுவி, அதே மாலையில் முதலாளியோடு ஒரே மேசையில் சாப்பிடுவதை நான் சாதாரணமாக எடைபோட மாட்டேன். உழைப்பில் மேல் கீழ் பார்க்கும் நம் பழக்கம் எங்காவது உடையுமென்றால் அங்கேதான். பெண்களுக்கு இலாபம் இன்னும் நேரடியானது: இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து டிராமில் தனியாகத் திரும்பும்போது "எங்கே போய்விட்டு வருகிறாய்" என்று கேட்க வாசலில் யாருமில்லை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது மொழிதான். எம்.எஸ். படிப்புகள் பலவும் ஆங்கிலத்தில் நடப்பதால்தான் 2023-24 குளிர்கால செமஸ்டரில் இந்திய மாணவர் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டே அவர்கள் சீனர்களை முந்தி முதலிடம் பிடித்திருந்தார்கள். அந்த ஆங்கிலப் படிப்பைத்தான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை என்பேன். கதவைத் திறந்துவிடுகிறது, முற்றத்திலேயே நிறுத்தியும் விடுகிறது. வகுப்பில் பாதிப்பேர் இந்தியர்கள், அறைத்தோழன் திருநெல்வேலி, சாம்பார்ப் பொடி இந்தியக் கடையில். இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தும் ஜெர்மன்காரர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட முடியும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கிறது. அப்போதுதான் விளம்பரங்களை ஒழுங்காகப் படிக்கிறார்கள்: 'சரளமான ஜெர்மன்' என்ற வரி பெரும்பாலானவற்றில் இருக்கிறது. மென்பொருளில் ஓரளவு தப்பிக்கலாம். மெக்கானிக்கலில் வாய்ப்பு குறைவு. தொழிற்சாலைத் தளத்தில் மைஸ்டர் என்று அழைக்கப்படும் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் பேச மாட்டார், பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் என்று சொல்லும்போதே இன்னொரு கவலை. நம் மாணவர்களில் பாதிக்கு மேல் பொறியியல். அதில் பலரின் கனவு கார் கம்பெனி. அந்தத் தொழில்தான் இப்போது சுருங்குகிறது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பதென்று 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. ஆட்குறைப்பு நடக்கும் ஊரில் கடைசியாக வந்த, மொழி தெரியாத ஆளுக்கு எத்தனையாவது இடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாடகை மலிவு என்று கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு ஊர்களுக்குப் போகிறவர்கள் நிறைய. 300 யூரோவுக்கு அறை கிடைக்கும். படிப்பும் நல்ல படிப்பு. ஆனால் குடியேறிகளை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் நாடு முழுக்க 20.8% வாங்கியபோது, பெர்லின் நீங்கலாகக் கிழக்கு மாநிலங்கள் அனைத்திலும் முதலிடம் பிடித்தது. தெருவில் தினமும் வம்பு என்று நினைத்துவிட வேண்டாம். அன்பான அண்டை வீட்டாரும் அங்கே உண்டு. ஆனாலும் டிராமில் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் கவனிக்காமல் இருக்க முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா நீட்டிப்புக்கு நேரம் கிடைக்க மாதக்கணக்காகும் ஊர்களும் உண்டு.

சென்னைக்கும் ஜெர்மனிக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி பிறந்தது. ஜெர்மன் பேராசிரியர்கள் கிண்டிக்கு வந்தார்கள், இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்து ஆய்வுக்கூடங்களை எழுப்பினார்கள். அந்தப் பயணங்களின் இலாபம் ஒரு நிறுவனத்துக்கு வந்தது. இன்றைய பயணத்தில் செலவும் இலாபமும் ஒரே குடும்பத்துடையவை. திரும்பி வந்தவர் தான் அங்கே கண்ட விடைத்தாள் பார்வையை இங்கே ஒரு கல்லூரியில் கொண்டுவர நினைத்தால், அவரை ஆசிரியராக எடுக்கவே பல இடங்களில் பிஎச்.டி. கேட்பார்கள்; எடுத்தாலும் கொடுக்கும் சம்பளத்தில் கடன் தவணை கட்ட முடியாது. திரும்பி வராததற்கு அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

அதனால் கன்சல்டன்சிக்குப் போகும் முன் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள கோத்தே இன்ஸ்டிட்யூட்டுக்கோ, ஊரிலேயே இருக்கும் ஒரு ஜெர்மன் வகுப்புக்கோ போவது நல்லது. வேலைக்குத் தேவையான பி2 நிலையை எட்ட 600 பாட நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கினால் கடைசி ஆண்டில் கைவசமாகிவிடும். செலவு, பிளாக்டு அக்கவுண்டில் இரண்டு மாதத் தொகையைச் சுற்றித்தான் வரும். ஆறு மாதம் படித்துப் பார்த்து அந்த மொழி பிடிக்கவில்லை என்றால், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன்பே அது தெரிந்துவிடும்.