23 நிமிடம் 15 விநாடி

வேலை நேரத்தில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று இணையத்தில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், மூன்றாவது பத்திக்குள் இந்த எண் வந்துவிடுகிறது. ஒருமுறை குறுக்கீடு வந்துவிட்டால், பழையபடி கவனம் கூட 23 நிமிடம் 15 விநாடி ஆகுமாம். பக்கத்திலேயே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகப் பேராசிரியர் குளோரியா மார்க்கின் பெயர் இருக்கும். அந்த 15 விநாடிதான் ஆளை மயக்குவது. 'அரை மணி நேரம் போல ஆகும்' என்று சொல்லியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டோம். விநாடி வரைக்கும் சொல்கிறார்கள் என்றால், யாரோ கடிகாரத்தை வைத்து அளந்திருக்கத்தானே வேண்டும்?

நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் வீட்டிலும் அதைப் பயன்படுத்தினேன்.

வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். மென்பொருளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது பிழைப்பு. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அம்மா அறைக் கதவைத் திறந்து, "கேஸ் புக் பண்ணீட்டியா கண்ணு?" என்று கேட்டார். கால் நிமிஷக் கேள்வி. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, நீங்க இப்பக் கேட்டதுல எனக்கு 23 நிமிஷம் போச்சு, தெரியுமா?" என்று ஆரம்பித்து அந்த ஆராய்ச்சியை முழுசாக விளக்கினேன். (விளக்கவே பத்து நிமிஷம் ஆனது வேறு விஷயம்.) அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கேட்க வேண்டியதையெல்லாம் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, நான் சாப்பிட உட்காரும்போது ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு தாளில் நான்காவது வரியாக, பால் கணக்குக்கும் தண்ணீர் வரிக்கும் கீழே, 'இடது கை மரத்துப் போகுது, ரெண்டு நாளா' என்று இருந்தது. அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயக் கோளாறு இல்லை, கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில், "ஏம்மா ரெண்டு நாளா சொல்லலை?" என்று கேட்டேன். "நீ வேலையா இருந்தியே" என்றார்.

அந்த ராத்திரிதான் முதல்முறையாக அந்த ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். அதுவரை நான் படித்திருந்ததெல்லாம் அதைப் பற்றி யாரோ எழுதியதை வைத்து இன்னொருவர் எழுதியதுதான்.

பெரும்பாலான பதிவுகள் சுட்டுவது 2008இல் குளோரியா மார்க், டேனியலா குடித், உல்ரிச் க்ளோக்கே மூவரும் எழுதிய கட்டுரையை. அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினாலும் 23 நிமிடம் 15 விநாடி இல்லை. அந்த எண் மார்க் கொடுத்த நேர்காணல்களில்தான் இருக்கிறது. 2006இல் காலப் நிறுவனத்தின் இதழில் ஒன்று, 2008இல் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் ஒன்று. அவர் இல்லாததைச் சொல்லிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. எதை அளந்து அதைச் சொன்னார் என்பதில்தான் கோளாறு.

அதற்கு மிக நெருக்கமான எண் இருப்பது 2005ஆம் ஆண்டுக் கட்டுரையில். மார்க், விக்டர் கொன்சாலெஸ், ஜஸ்டின் ஹாரிஸ் மூவரும் எழுதியது. ஓர் அலுவலகத்தில் 24 பேருடைய வேலையை ஆய்வாளர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். யார் எப்போது எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்குத் தாவுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஒரே நோக்கத்துக்காகச் செய்கிற சின்னச் சின்னச் செயல்களையெல்லாம் ஒரு தொகுப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு அறிக்கை தயாரிக்கிறீர்கள் என்றால் அதற்காகப் போடும் போன், பார்க்கும் மின்னஞ்சல், திறக்கும் கோப்பு எல்லாம் ஒன்றில் சேரும். இப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு தொகுப்பில் தொடர்ந்து இருந்தது சராசரியாக 11 நிமிடம் போலத்தான். தொகுப்புகளில் 57 சதவீதம் இடையில் அறுபட்டன.

அறுபட்ட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதே நாளில் திரும்பிவிட்டார்கள். அப்படித் திரும்புவதற்கு சராசரியாக 25 நிமிடம் போல ஆனது. ஆனால் அந்த இடைவெளியில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கட்டுரை சொல்கிறது. சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட வேறு வேலைகளைப் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த 25 நிமிடமும் மூளை பழைய நிலைக்கு வரத் தடுமாறிய நேரம் அல்ல. அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். மேலாளர் கூப்பிட்டார், போனார், பேசினார். வந்து வேறொரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதினார். அப்புறம் பழைய கோப்பைத் திறந்தார். கடை வீதிக்குப் போன அப்பா வழியில் வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், 'வீட்டுக்கு வர வழி தெரியாமல் இரண்டு மணி நேரம் தடுமாறினார்' என்று யாராவது சொல்வோமா? இங்கே சொல்லியிருக்கிறார்கள்.

சாதாரணக் கூட்டல் பெருக்கலிலேயே இது பிடிபட்டிருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் 480 நிமிடம். 20 குறுக்கீடு வந்தால் 20 முறை 23 நிமிடம் 15 விநாடி, மொத்தம் 465 நிமிடம். மிச்சம் 15 நிமிடம். 21ஆவது குறுக்கீடு வந்தால் அன்றைய கணக்கு கடனில் போய்விடும். எந்த ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலும், எந்த வங்கிக் கவுண்டரிலும் ஒரு மணி நேரத்துக்குள் 20 குறுக்கீடு வந்துவிடும். அவர்கள் வேலை பார்க்காமலா இருக்கிறார்கள்? கையேடு எழுதுகிறவன், பிழை கண்டுபிடிப்பதே தொழில் என்று சொல்லிக்கொள்கிறவன், இந்தப் பெருக்கலை ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டால் பதில் சுலபம். எண் எனக்குச் சாதகமாக இருந்தது.

அதே 2005 கட்டுரையில் யாருமே எடுத்துச் சொல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த குறுக்கீடுகளில் பெரும்பாலானவை அந்த ஆளுடைய முக்கியமான வேலை சம்பந்தப்பட்டவையாகவே இருந்தன. தானாகவே வேலையை விட்டு எழுந்து போனதில் பெரும்பாலானவை சொந்த வேலைக்காக. அதாவது பக்கத்து மேசைக்காரர் வந்து தோளைத் தட்டியது பெரும்பாலும் வேலைக்காகத்தான். வேலையிலிருந்து வெளியே இழுத்துப் போனது பல நேரம் நம் கைதான். இன்னொன்று, அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குக் குறுக்கீடு அதிகம் வந்தது. ஆனால் ஒரு வேலையில் அவர்கள் நிலைத்திருந்த நேரமும் அதிகம். கதவை மூடிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற கோஷ்டிக்கு இது ருசிக்காது.

சரி, 2008 கட்டுரைக்கு வருவோம். எல்லோரும் சுட்டுகிற கட்டுரை, யாரும் படிக்காத கட்டுரை. அது ஒரு சோதனை. 48 பேரை உட்கார வைத்து, அலுவலக ஊழியர் மாதிரி மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். நடுவில் தொலைபேசியிலும் உடனடிச் செய்தியிலும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தார்கள். முடிவு என்ன தெரியுமா? தொந்தரவுக்கு ஆளானவர்கள் வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள். தரத்திலும் வித்தியாசம் இல்லை. 'குறுக்கீடு நேரத்தைத் தின்கிறது' என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிற கட்டுரையின் முடிவு, குறுக்கீடு வந்தவர்கள் வேகமாக முடித்தார்கள் என்பதுதான்!

அப்படியானால் குறுக்கீடு நல்லதா என்று கேட்காதீர்கள். கட்டுரை அங்கே நிற்கவில்லை. வேகமாக முடித்தவர்களிடம் மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி, பட்ட சிரமம் எல்லாம் கூடியிருந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட அவர்கள் தங்களையே முறுக்கிக்கொண்டார்கள். இதுவும் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு சின்ன நேரத்துக்கு நடந்த சோதனைதான், அதை வைத்து ஒரு முழு வேலை நாளைத் தீர்மானிக்க முடியாது. இருந்தாலும் அது காட்டும் திசை முக்கியம். குறுக்கீட்டின் விலையைக் கொடுப்பது கடிகாரம் இல்லை, ஆள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். ஆராய்ச்சி சொன்னது, மனுஷன் அழுத்தத்துக்கு ஆளாகிறான் என்று. உற்பத்தித்திறன் எழுத்து அதை, கம்பெனிக்கு நிமிடம் நஷ்டம் என்று மாற்றி எழுதியது. ஏன் மாற்றியது என்பதும் புரிகிறது. 'எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது எரிந்து விழுகிறார்கள்' என்று மேலாளரிடம் சொன்னால் தலையை ஆட்டுவார். 'ஒரு குறுக்கீட்டுக்கு 23 நிமிடச் சம்பளம் போகிறது' என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். பேசெக்ஸ் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 2005இல் ஒருபடி மேலே போய், குறுக்கீடுகளால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு வருஷத்துக்கு 58,800 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. நிமிடமாக்கி, நிமிடத்தைக் காசாக்கிவிட்டால் விற்கச் சுலபம். கவனச் செயலிகளும், அறிவிப்பை அடக்கும் மென்பொருள்களும், இரைச்சல் தடுக்கும் காதொலிப்பான்களும் அந்தக் காசைக் காட்டித்தான் விற்கப்படுகின்றன. நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் இந்த எண்ணைச் சுவரொட்டியாகவே ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் நான்கு கூட்டங்களில் கலந்துகொண்டோம்.

கால் நியூபோர்ட்டின் 'டீப் வொர்க்' (2016) இந்த வகையில் கொஞ்சம் பொறுப்பான புத்தகம். அவர் பெரிதாக நம்புவது சோஃபி லெராய் 2009இல் எழுதிய 'கவன எச்சம்' பற்றிய ஆய்வை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். என் அனுபவமும் அதுதான். ஆனால் நியூபோர்ட் அதிலிருந்து போய்ச் சேருகிற இடம் தனிமை. கார்ல் யுங் பொலிங்கனில் கட்டிக்கொண்ட கல் வீட்டில்தான் புத்தகத்தையே ஆரம்பிக்கிறார். நம் ஊரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறவன் கல் வீட்டுக்கு எங்கே போவான்? போனாலும் அங்கே காஸ் தீர்ந்தால் யார் பார்ப்பது?

அந்தப் புத்தகம் வந்த பிறகு லெராய் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. 2018இல் தெரசா குளோம்புடன் சேர்ந்து எழுதிய கட்டுரை. குறுக்கீட்டைத் தடுக்க முடியாது என்பதிலிருந்து அது தொடங்குகிறது. யாராவது கூப்பிட்டதும் அப்படியே எழுந்து போகாமல், எங்கே விட்டேன், திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டென்று குறித்துவிட்டுப் போனால், அடுத்த வேலையில் மனம் முழுசாக நிற்கிறது என்று காட்டினார்கள். ஒரு நிமிடம் போதும். செயலியும் வேண்டாம், கதவும் வேண்டாம்.

இதைப் படித்த வாரத்தில் சமையலறையில் ஒன்றைக் கவனித்தேன். அம்மா குழம்புக்கு உப்புப் போட்டதும் உப்பு ஜாடியை அடுப்பின் இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் வைக்கிறார். வாசலில் கீரைக்காரர் கூப்பிட்டால் போய்ப் பேரம் பேசிவிட்டு வந்து, ஜாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடர்கிறார். எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்க பாட்டிகிட்டப் பழகுனது. இல்லீன்னா ரெண்டு தடவை உப்புப் போட்டுருவோம்ல" என்றார். ஒரு நாளைக்கு அவருக்கு எத்தனை குறுக்கீடு வருகிறது என்று எண்ணத் தொடங்கி, பத்து மணிக்குள் முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதில் பாதிக்கு மேல் நான் கூப்பிட்டது.

இப்போது நானும் எழுந்து போகுமுன் பத்தியின் நடுவிலேயே அரை வரி எழுதிவிட்டுப் போகிறேன்: 'படம் 4க்கு விளக்கம் பாக்கி' என்கிற மாதிரி. வேலை செய்கிறது. எல்லா நாளும் இல்லை. சில நாள் அந்த அரை வரியைப் பார்த்தால் நான் எழுதியதுதானா என்றே தெரிவதில்லை. இதற்கு ஒரு சதவீதம் போட்டுச் சொல்ல எனக்கு ஆசையில்லை.

இதற்கிடையில் மார்க் 2023இல் 'அட்டென்ஷன் ஸ்பான்' என்ற புத்தகத்தை வெளியிட்டிருக்கிறார். அதிலிருந்து ஒரு புது எண் கிளம்பியிருக்கிறது: 47 விநாடி. கணினித் திரையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் சராசரியாக நிற்கும் நேரம். 'மனிதனின் கவனமே 47 விநாடிதான்' என்று இப்போதே வாட்ஸாப்பில் வந்தாயிற்று. மின்னஞ்சலில் இருந்து கோப்புக்கும் கோப்பிலிருந்து மின்னஞ்சலுக்கும் ஒரே வேலைக்காகப் போய் வருகிறவரும் அந்தச் சராசரியில் இருப்பார் என்பதை யார் போய்ச் சொல்வது. அதே புத்தகத்தில், நாள் முழுக்கக் கவனத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் வேண்டியதில்லை என்று மார்க் எழுதியிருப்பது மட்டும் வாட்ஸாப்பில் வரவில்லை.

அம்மாவிடம் போய் அந்த 23 நிமிஷக் கணக்கு தப்பு என்று சொன்னேன். "அப்படியா" என்றார். எப்ப வேணா கதவைத் திறந்து கேளுங்க என்றும் சொன்னேன். அதற்கும் சரி என்றார். நேற்றும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் நாள்காட்டித் தாள் இருந்தது, ஐந்து வரி. இப்போதெல்லாம் சோற்றில் கை வைக்குமுன் தாளைக் கடைசி வரியிலிருந்து படிக்கிறேன்.